நூற்றெண்பது கிராம் தலையணை

இந்தக் கதை நடந்த இடத்தில் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியைக் கிராம் சார் டீ இடைவேளைகளில் சொன்னார். மீதியை, அதாவது அவர் சொல்ல விரும்பாத பாதியை, பல் டாக்டர் சொன்னார். அப்போது அவருடைய இரண்டு விரல்கள் என் கடைவாய்க்குள் இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் பல் டாக்டரை நம்பியிருக்கிறேன்.

கிராம் சார் எங்கள் பார்சல் பிரிவின் தலைவர். நான் அங்கே சேர்ந்து ஐந்து மாதம் தாண்டிவிட்டது. ஆறாவது மாத முடிவில் என்னை நிரந்தரமாக்கலாமா என்று எழுதப்போவது அவர்தான். ஆகவே இதில் எங்காவது மிகை இருந்தால் அது பல் டாக்டருடையது.

கிராம் அவருடைய பெயர் இல்லை. அவர் மெல்லிய டயர் வைத்த சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூரம் தூரமாகப் போகிறவர். அந்தக் கூட்டத்தில் பல் டாக்டரையும் சேர்த்து ஏழெட்டு பேர். எல்லோரும் குடும்பஸ்தர்கள், எல்லோருக்கும் முழங்கால் வலி. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. கிராம் சாருக்கு எடைப் பைத்தியம். மதிய இடைவேளையில் பார்சல் தராசில் சைக்கிளை ஏற்றி நிறுத்துப் பார்ப்பார். ஒன்பது கிலோ நானூற்றுப் பத்து. மணியைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றுவார். ஒன்பது கிலோ முந்நூற்று அறுபது. ஐம்பது கிராம் இளைத்த சைக்கிளை, பிள்ளை பரீட்சையில் தேறியதைப் போலப் பார்ப்பார். சைக்கிளில் போகும்போது கைக்கடிகாரம் கட்டமாட்டார், முப்பத்தெட்டு கிராம். வீட்டுச் சாவி எடுத்துப்போக மாட்டார், பதினாலு கிராம். திரும்பி வந்ததும் கதவைத் தட்டுவார். திறப்பதற்கு மனைவி வீட்டில் இருக்க வேண்டும். மனைவியின் எடை சைக்கிளில் சேராது.

நீண்ட பயணத்துக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்வார். வெட்டிய முடியை ஒருமுறை நிறுத்தார் என்று ஆபீசில் சொல்கிறார்கள். அதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

எனக்கு இதெல்லாம் புதிது. என் அப்பா இருபத்தாறு வருடம் மில்லுக்குச் சைக்கிளில் போனவர். எங்கள் வீட்டில் ஒருவர் அவசரமாகச் சைக்கிளை எடுத்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எந்த வேலையும் இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருபவர்களை நான் படித்து வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அந்த இருநூறுதான் கிராம் சாரின் லட்சியம். வருடத்துக்கு ஒருமுறை ஊர் மருந்துக்கடைக்காரர் அதை நடத்துகிறார். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பந்தயம் கிடையாது, முதல் பரிசு கிடையாது. ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டை இருக்கும். வழியில் நாலைந்து இடத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் அட்டையில் முத்திரை குத்தி நேரத்தை எழுதுவார். எல்லா முத்திரையும் இருந்தால் முடித்தவருக்கு ஒரு பதக்கம். முப்பத்திரண்டு கிராம்.

கிராம் சார் இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் முடிக்கவில்லை. முதல் வருடம் நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் பஞ்சர். அப்படித்தான் அவர் சொல்கிறார். இரண்டாவது வருடம் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவரைச் சாயங்காலம் ஒரு கண்டக்டர் எழுப்பினார். கூட்டத்தில் பதக்கம் இல்லாதவர் அவர் ஒருவர்தான். பல் டாக்டர்கூட வாங்கிவிட்டார். அவருக்குத் தொப்பை இருக்கிறது.

அவர் வீட்டில் கூடத்தை ஒட்டி எட்டுக்கு எட்டில் ஒரு சின்ன அறை. அதில் சைக்கிள் குடியிருக்கிறது. சுவரில் டயர்கள், மூலையில் காற்றடிக்கும் பம்பு. அவர் மனைவி வீட்டிலேயே தைக்கிறவர். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, எல்லாம் மொத்தமாக வரும். வெட்டுகிற அளவுக்குப் பெரிய மேசை போட இடம் இல்லாததால் துணியைக் கூடத்துத் தரையில் விரித்து, மண்டியிட்டு வெட்டுவார். நாலு வருடமாக அந்தச் சின்ன அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"முட்டி போட்டு வெட்டி வெட்டி எனக்கு முட்டியே தேஞ்சு போச்சுங்க."

"எனக்கும்தான் முட்டி வலிக்குது."

"உங்களுக்கு சந்தோஷத்துல வலிக்குது."

"சைக்கிளை வெளிய வச்சா தூசி படும்."

"நான் தரையில கிடக்கேன். என் மேல படாத தூசியா?"

அன்றைக்குக் கிராம் சார் ஒரு பெரிய முடிவு எடுத்தார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எடுத்தாராம்.

"சரி, ஒரே பேச்சு. இந்தத் தடவை இருநூறை முடிச்சிட்டேன்னா, அந்த ரூம் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"முடிக்கலைன்னா?"

"மேசை போட்டுக்கோ. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில போகட்டும்."

"டயரு?"

"டயரும்."

"சரிங்க."

நாலு வருட வழக்கு ஒரு 'சரிங்க'வில் முடிந்தது. அப்போதே தனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று கிராம் சார் இப்போது சொல்கிறார். அப்போது வரவில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மருந்துக்கடைக்காரர் புது வழியின் வரைபடத்தைக் கொடுத்தார். கிராம் சார் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூன்று நாள் விரலால் சைக்கிள் ஓட்டினார். மூன்றாம் நாள் விரல் ஓரிடத்தில் நின்றது.

எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு நாற்சந்தி. அங்கே ஒரு டீக்கடை, அதில் ஒரு முத்திரை. அங்கிருந்து வழி ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு முப்பத்து நாலு கிலோமீட்டர் போய், அதே நாற்சந்திக்கே திரும்புகிறது. அதே டீக்கடையில் இன்னொரு முத்திரை. நடுவில் ஒன்றும் இல்லை.

அதாவது ஒருவர் முதல் முத்திரையை வாங்கிக்கொண்டு, எங்காவது நிழலில் இரண்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, மூஞ்சியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து இரண்டாவது முத்திரையை வாங்கலாம். முப்பத்து நாலு கிலோமீட்டரும் மலையும் மிச்சம்.

"நான் ஏமாத்தணும்னு நினைக்கலைப்பா" என்றார் என்னிடம். "வழியே அப்படி இருந்தது."

அவர் மனைவி எதிரில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லையாம். விரல் நின்ற இடத்தை மட்டும் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிராம் சார் பையைக் கட்டினார். வாழைப்பழத்தை உரித்து, தோலை வீட்டில் வைத்துவிட்டுப் பழத்தை மட்டும் டப்பாவில் போட்டார். சீப்பு எடுத்தார், யோசித்தார், வைத்துவிட்டார். பிறகு குளிக்கப் போனார். அவர் மனைவி பையைத் தூக்கி அடுப்படித் தராசில் வைத்தார். போன வருடப் பையைவிட நூற்றெண்பது கிராம் அதிகம். திறந்து பார்த்தார். அடியில், மடித்து மடித்து, காற்றடிக்கும் தலையணை ஒன்று.

வாழைப்பழத் தோலைச் சுமக்க மனமில்லாத மனிதர் தலையணை கொண்டுபோகிறார். அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. உண்மையில் அதற்கு முன்பே வேண்டியிருக்கவில்லை. விரல் நின்ற மறுநாளே மருந்துக்கடைக்காரர் தன் மகளின் சீருடையை வாங்க வந்திருந்தார். இந்த இடத்தைப் பல் டாக்டர்தான் சொன்னார்.

"ஒரு சந்தேகம்ண்ணே. இந்த மலையைச் சுத்தாம யாராவது நாற்சந்தியிலயே உக்காந்துட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரும்மா அப்படிப் பண்ணுவாங்க?"

"யாருமில்ல. சும்மா கேட்டேன்."

"அதுக்கு ரகசிய முத்திரைன்னு ஒண்ணு உண்டும்மா. யாருக்கும் சொல்லாம நடுவுல ஆள் வைக்கலாம். அட்டையில அதுக்கு ஒரு கட்டம்கூட இருக்கு. நாள் முழுக்க மலை மேல உக்கார ஆள்தான் கிடைக்கிறதில்ல."

"உக்கார்றதுதான் எனக்குத் தொழிலே. நான் வர்றேன்."

அட்டையில் பெயர் இல்லாத ஒரு கட்டம் இருப்பதைக் கிராம் சாரும் பார்த்திருந்தார். அச்சடித்தவர் தவறு என்று நினைத்திருந்தார்.

"நாளைக்கு நீ வீட்லதானே இருப்ப? சாயங்காலம் கதவைத் திறக்கணும்" என்று சனிக்கிழமை ராத்திரி மனைவியிடம் கேட்டாராம்.

"பகல்ல வெளிய ஒரு வேலை இருக்கு. உக்காந்து பண்ற வேலைதான். நீங்க முடிச்சிட்டு வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை கிராம் சார் பறந்தார். மலை ஏறப்போவதில்லை என்று தெரிந்தவருக்கு எண்பத்து மூன்று கிலோமீட்டர் ஒரு தூரமா? பல் டாக்டருக்குக் கொஞ்சம் பின்னால் நாற்சந்தியை அடைந்தார். முத்திரை வாங்கினார். மலைப் பக்கம் திரும்பி அரை கிலோமீட்டர் போய், ஒரு பழைய பம்புசெட் அறைக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்தார். வேகத்தையும் தூரத்தையும் காட்டும் சைக்கிள் மீட்டரை அவர் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பொய் சொல்லாத சாமான் எதற்குக் கூட? தலையணையை ஊதினார். வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல தூக்கம் தூங்கியதில்லை என்கிறார்.

எறும்புகள் எழுப்பின. வெயிலைப் பார்த்தார். போதும் என்று தோன்றியது. பாட்டில் தண்ணீரைச் சட்டையில் ஊற்றி வியர்வை தயாரித்துக்கொண்டு, மூச்சிரைக்கிற மாதிரி டீக்கடைக்குள் போனார். உள்ளே பல் டாக்டர் நிஜமாகவே மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், மேல உங்களைப் பாக்கவே இல்லையே?"

"நான்... முன்னாடியே இறங்கிட்டேன்."

"அப்படியா? உங்க வீட்டம்மா நீங்க இன்னும் வரலைன்னாங்களே."

"எந்த வீட்டம்மா?"

"உங்களுக்கு எத்தனை வீடு சார்?"

பல் டாக்டர் தன் அட்டையை நீட்டினார். பெயர் இல்லாத கட்டத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை. 'அளவு சரி.' கிராம் சாருக்கு அந்த முத்திரையைத் தெரியும். பதினோரு வருடமாக, தைத்து முடித்த ஒவ்வொரு சீருடைக் கட்டின் மேலும் தன் வீட்டில் விழுகிற முத்திரை.

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். அதுவரை டீ வாங்கவே இல்லை என்கிறார் பல் டாக்டர். எதையோ கீழே வைத்தார்.

"டாக்டர், அந்த முத்திரை எத்தனை மணி வரைக்கும்?"

"சரியாத் தெரியலையே. பன்னெண்டரை வாக்குல மூடிடுவாங்கன்னு நினைக்கிறேன். ஆமா, நீங்கதான் முன்னாடியே இறங்கிட்டீங்களே?"

"பஞ்சர்" என்றார் கிராம் சார்.

நூறாவது கிலோமீட்டரில், மலை உச்சியில் முத்திரை. இன்னும் பதினேழு கிலோமீட்டர் ஏற்றம். மலை ஏற வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும். பழக்கம் விடவில்லை. பையைக் கடைக்காரரிடம் கொடுத்தார். பைக்குள் தலையணை இருந்தது. தலையணைக்குள் சுற்றிச் செல்போன் இருந்தது. கடிகாரம் வீட்டில், மீட்டர் வீட்டில், போன் பையில். மணி என்ன என்று தெரியாத மனிதர் மணியோடு பந்தயம் போட்டார்.

அந்தப் பதினேழு கிலோமீட்டரைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒரு வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே ஓடினாராம். வழியில் ஒரு மாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவரும் மாட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வாயில் நுரை.

உச்சியில் ஒரு குடை. குடைக்கு அடியில் மடக்கு நாற்காலி. நாற்காலியில் அவர் மனைவி, மடியில் ஒரு சீருடைப் பாவாடை. ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்க், மைப்பெட்டி, முத்திரை.

"வாங்க. முதல்ல தண்ணி குடிங்க."

"முத்திரை..."

"குடிங்க. மூச்சு வாங்குது."

"மணி என்ன?"

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டரை தாண்டிடுச்சே."

"ஐயோ. மூடிட்டீங்களா?"

அந்த அம்மாள் மைப்பெட்டியின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். நூலைப் பல்லால் கடித்தார்.

"இந்தாம்மா, நான் யாரு? உன் புருஷன்."

"இந்த நாற்காலியில உக்காந்தா எல்லாரும் எனக்கு நம்பர்தாங்க. நீங்க இருபத்தி மூணு."

"வழியில பஞ்சர் ஆயிடுச்சும்மா."

"முதுகைத் திருப்புங்க. ஏங்க, இவ்வளவு புல்லு ஒட்டியிருக்கு? மல்லாக்கப் படுத்தா பஞ்சர் ஒட்டுனீங்க?"

கிராம் சார் முதுகுப் பக்கம் கையை விட்டுப் புல்லைத் தட்டினார்.

"தலையணையில காத்து நின்னுச்சா?"

இங்கே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மண்டியிட்டு என்கிறார் பல் டாக்டர். அவர் அங்கே இல்லை. ஆனால் அந்த அம்மாளே பிறகு பல் பிடுங்க வந்தபோது சொன்னாராம்.

"தரை எப்படி இருக்கு? முட்டி குத்துதா?" என்று கேட்டாராம் மனைவி.

"குத்துது."

"நாலு வருஷமா அதைத்தான் சொல்றேன்."

கீழே நாற்சந்தியில் இவரைத் தவிர எல்லோர் அட்டையிலும் அந்த ஊதா முத்திரை இருக்கும். பதக்கம் போனால்கூடப் போகட்டும். ஏன் உனக்கு மட்டும் முத்திரை இல்லை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் கேட்பார். கூட்டத்தில் ஏழெட்டு பேர். இரண்டு மாதத்துக்கு வரும்.

"ரூமை எடுத்துக்கோ" என்றார் கிராம் சார்.

"நான் கேக்கலையே."

"நானா தர்றேன். முத்திரையைக் குத்து."

"அப்புறம் இருநூறையும் முடிச்சிட்டேன், பேச்சு பேச்சுதான்னு வந்து நிப்பீங்க."

"நிக்க மாட்டேன். முடிச்சாலும் ரூம் உனக்குத்தான்."

"மாடிப்படிக்கு அடியில?"

"அடியில."

"டயரு?"

"டயரும்மா. பம்பும். குத்து."

மைப்பெட்டி திறந்தது. 'அளவு சரி' விழுந்தது. அதற்குக் கீழே கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை அழகாக எழுதிக் கொடுத்தார். பிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் டீயும் கொடுத்தார்.

"பாத்துப் போங்க. இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே போகாதீங்க, சூடாகும்."

இறக்கத்தில் பிரேக் சூடாகும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று மலை இறங்கி முடிக்கும்வரை யோசித்தாராம். வருடக்கணக்காக அவர் சாப்பிடும்போது பேசியதை வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவர் முடித்துவிட்டார். நூற்று அறுபதில் நிஜமாகவே பஞ்சர் ஆனது. உதவிக்கு யாரும் நிற்கவில்லை. "இன்னைக்கு ரெண்டாவது பஞ்சரா சார்?" என்று கேட்டுவிட்டுப் பல் டாக்டர் போய்க்கொண்டே இருந்தார். இருந்தாலும் பதின்மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். இருநூறு கிலோமீட்டரையும் முழுதாக, ஒரு மீட்டர்கூடக் குறையாமல் மிதித்து முடித்தார். கழுத்தில் முப்பத்திரண்டு கிராமோடு வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் தச்சர். சின்ன அறையில் ஆறடி மேசையை இறக்கி, கால்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சீக்கிரமா எப்படிப்பா?" என்று கேட்டார் கிராம் சார்.

"சீக்கிரம் எங்க சார்? அம்மா சொல்லி பத்து நாள் ஆச்சே."

பத்து நாள். விரல் வரைபடத்தில் நிற்பதற்கும் முன்னால். 'சரிங்க' என்று சொன்ன நாளுக்கு மறுநாள்.

டயர் மாட்டியிருந்த ஆணியில் இப்போது பதக்கம் தொங்குகிறது. அதே ஆணியில் அளவு நாடாவும் தொங்குகிறது. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. தூசி படாமல் இருக்க, மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்திருக்கிறார் அவர் மனைவி. உறையின் எடை அறுநூறு கிராம்.

ஆனாலும் மலை உச்சியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும். "என்னதான் இருந்தாலும் நேரம் முடிஞ்ச பிறகு குத்திக் கொடுத்தாப்பா. யார் செய்வாங்க?" என்பார். அந்த அட்டையைத் தன் ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். கையெழுத்துக்குக் கோப்பு கொண்டுபோகும்போது தினமும் பார்க்கிறேன்.

போன வாரம் பல் வலிக்கு மாத்திரை வாங்க அந்த மருந்துக்கடைக்குப் போனேன். நான் எதையும் கேட்டுச் சரிபார்க்காமல் விடுகிறவன் இல்லை. முத்திரையிடும் இடங்களை எந்தக் கணக்கில் மூடுவீர்கள் என்று கேட்டேன். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் கணக்கு என்றார். நூறைப் பதினைந்தால் வகுத்தேன். ஆறு மணி நாற்பது நிமிடம். காலை ஆறிலிருந்து கூட்டினேன். சந்தேகத்துக்கு மறுபடியும் கூட்டினேன். அவரே ஒரு டப்பாவைத் திறந்து, மலை உச்சிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார். 'மூடும் நேரம் 12.40.' அதன் அடியில் யாரோ ஊதா மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

இதை நான் கிராம் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. என் ஆறாவது மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அட்டையில், 'அளவு சரி' என்பதற்குக் கீழே, அவர் மனைவியின் கையெழுத்தில் தெளிவாக இருப்பது 12.34.